காற்றைக் கேட்டுப் பாதை போடுங்கள்

ஓசூர்ப் பக்கத்தில் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் விமான நிலையத்தில் வந்துதான் முடியும் போலிருக்கிறது. 2024-ஆம் வருஷம் ஜூன் 27-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஓர் அறிவிப்புச் செய்தார். ஓசூரில் 2,000 ஏக்கர் நிலத்தில், வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகள் வந்து போகத்தக்க சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்பதே அது. அன்று பிறந்த பேச்சு இன்னும் ஓயவில்லை. எந்தக் கிராமத்து நிலம் போகும்? ஏக்கர் என்ன விலை பெறும்? எத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைக்கும்? பெங்களூர்க்காரர்கள் சம்மதிப்பார்களா? இப்படி ஆயிரம் கேள்விகள். எல்லாம் நியாயமான கேள்விகளே.

ஆனால் இத்தனை கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது?

இது என்ன கேள்வி, காற்று தன் இஷ்டம் போல வீசிவிட்டுப் போகிறது, அதைக் கேட்டு ஆகப் போவதென்ன என்று நேயர்கள் நினைக்கலாம். கிருஷ்ணகிரி ஜில்லாவில் களத்தில் கேழ்வரகு தூற்றும் குடியானவர் அப்படி நினைக்க மாட்டார். காற்றின் திசையைப் பார்த்து நின்றுகொண்டுதான் அவர் முறத்தைத் தூக்குவார். திசை தவறினால் உமியெல்லாம் அவர் கண்ணில்தான் விழும். கூரையில் வந்து உட்காரும் காக்கையைக் கவனியுங்கள். காற்றை எதிர்கொண்டே இறங்கும். ஆகாய விமானத்துக்கும் சாஸ்திரம் இதுதான். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த தூரத்தில் எழும்பலாம், குறைந்த தூரத்தில் நிற்கலாம். பின்காற்று தள்ளினால் பாதை போதாமற் போகும். குறுக்குக் காற்று அடித்தால் விமானம் பாதையை விட்டு விலகப் பார்க்கும்.

ஆகவே ஒரு விமான நிலையம் என்பது கண்ணாடி மாளிகையும் காப்பிக் கடைகளும் மட்டும் அன்று. அதன் உயிர்நிலை, விமானிக்குக் கீழேயிருந்து போய்ச் சேரும் ஒரு சிறு செய்தியில் இருக்கிறது. காற்று இப்படி, வானம் இப்படி, பாதை இப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் செய்தி அது.

அந்தச் செய்தி இல்லாத காலம் ஒன்று உண்டு. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்ஸெண்ட் என்ற விமானி அந்தத் தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். விமானத்தில் ரேடியோ கிடையாது. வழியில் மேகம் எப்படி, இறங்கும் இடத்தில் காற்று எப்படி என்று சொல்வார் யாரும் இல்லை. கண்ணும் கையும் துணிச்சலுமே துணை. ஜூஹுவின் தளமோ கடற்கரைச் சேற்று நிலம். மழைக்காலம் வந்தால் தண்ணீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் விமானப் போக்குவரத்தைப் பூனாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். தளத்தின் நிலை தெரியாமல் விமானம் ஓட்ட முடியாது என்பதை நம் நாட்டு விமானப் போக்குவரத்து பிறந்த அன்றே கற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது நடப்பது என்ன? நம் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒரு முறை வானிலைச் செய்தி ஒன்று வெளியாகிறது. அதற்கு 'மெட்டார்' என்று பெயர். இடையே வானம் சடுதியில் மாறினால் தனிச் செய்தி ஒன்று உடனே புறப்படும். தந்திக்காரர் வார்த்தைக்கு வார்த்தை காசு எண்ணிய காலத்துச் சிக்கனம் இன்றும் அதில் குடியிருக்கிறது. ஒன்றிரண்டு வரிதான்; பழகாதவர் கண்ணுக்குப் பூச்சி மருந்துப் புட்டியின் மேல் எழுதியது போல இருக்கும். பழகியவருக்கோ அது ஒரு சித்திரம்.

முதலில் எந்த நிலையம் என்பதைக் குறிக்கும் நான்கு எழுத்துக்கள். பிறகு தேதியும் நேரமும். நேரம் உலகப் பொது நேரம். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது காற்று: எந்தத் திசையிலிருந்து, எத்தனை வேகத்தில் என்று. அதன்பின் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. மழையா, இடியா, மூடுபனியா என்பது அதற்கடுத்தது. பிறகு மேகம். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் மறைத்திருக்கிறது, அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கணக்குச் சொல்வார்கள். பிறகு வெப்பநிலையும் பனிபடுநிலையும். இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்தால், மூடுபனி வாசற்படியில் நிற்கிறது என்று விமானி தெரிந்துகொள்வார்.

கடைசியில் காற்றின் அழுத்தம். இந்த எண்ணைச் சாதாரணமாக நினைக்கலாகாது. விமானத்திலுள்ள உயரமானி உண்மையில் ஒரு பாரமானியே. கீழேயிருந்து சொல்லும் அழுத்தத்தை அதில் திருத்தி வைத்தால்தான் அது சரியான உயரத்தைக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறக்குறைய 30 அடி பிசகும். பத்து பிசகினால் 300 அடி. மேகத்துக்குள் இறங்கி வரும் விமானத்துக்கும் கீழேயுள்ள குன்றுக்கும் நடுவே 300 அடி என்பது என்ன பொருள் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

வானத்தின் கதை இப்படியென்றால், பாதையின் கதை ஒன்று தனியே உண்டு. ஓடுபாதையின் முனையில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைச் சாளரத்தின் வழியே பார்த்திருப்பீர்கள். அது வரிசை எண் அன்று, திசை எண். காந்த ஊசி காட்டும் பாகையைப் பத்தால் வகுத்து எழுதியது. நேர் கிழக்கு நோக்கி ஓடினால் 09, நேர் மேற்கானால் 27. ஒரே பாதைக்கு இரண்டு முனையிலும் இரண்டு பெயர். காற்று எங்கிருந்து வீசுகிறது என்று கேட்டவுடன் எந்த முனையில் இறங்குவது என்பது தீர்ந்துவிடும்.

அந்தப் பாதை இந்த நிமிஷத்தில் எப்படி இருக்கிறது என்பதையும் விமானிக்குச் சொல்ல வேண்டும். 2021-ஆம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி முதல் இதற்கு உலகம் முழுவதற்கும் ஒரே முறை ஏற்பட்டிருக்கிறது. பாதையை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் 6 முதல் 0 வரை ஓர் எண் கொடுக்கிறார்கள். காய்ந்த பாதைக்கு 6. ஈரமானால் 5. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கினால் 2. மூன்று மில்லிமீட்டர் என்பது நம் வீட்டு முற்றத்தில் கால் நனையும் அளவுகூட இல்லை. ஆனால் பல டன் எடையோடு பறந்து வரும் சக்கரம் அந்தத் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டே போய்விடலாம். இவை தவிர, எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடத்தில் பாரந்தூக்கி நிற்கிறது, எந்த நேரத்தில் பாதை மூடியிருக்கும் என்பனவற்றை அறிவிக்க 'நோட்டாம்' என்ற அறிக்கைகளும் உண்டு.

இந்தச் செய்திகளை மதித்ததற்கும் மீறியதற்கும் உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2020-ஆம் வருஷம் ஆகஸ்ட் 7-ந் தேதி இரவு துபாயிலிருந்து வந்த விமானம் ஒன்று கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் இறங்க வந்தது. குன்றின் உச்சியைச் சமப்படுத்திப் போட்ட பாதை அது. முதல் முறை ஒரு முனையில் இறங்க முயன்று மறுபடியும் மேலே எழும்பிய விமானம், இரண்டாம் முறை எதிர்முனையிலிருந்து பின்காற்றோடு வந்தது. காற்றின் திசையும், பாதை ஈரமாயிருப்பதும் கோபுரத்திலிருந்து சொல்லப்பட்டிருந்தன. 8,858 அடி நீளமுள்ள பாதையில் ஏறக்குறைய 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. மிச்சமிருந்த பாதை போதவில்லை. விமானம் சரிவில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உள்பட 21 பேர் மாண்டார்கள். வகுத்த முறையைக் கைவிட்டு இறங்கியதே பிரதான காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. வேறு குறைகளும் எடுத்துக் காட்டப்பட்டன. செய்தி இருந்தால் மட்டும் போதாது; அதற்குப் பணியும் மனமும் வேண்டும் என்பதே அந்தத் துயரம் நமக்குச் சொல்லும் பாடம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி 'பெஞ்சல்' புயல் கரையை நெருங்கிய நாளில், சென்னை மீனம்பாக்கத்தில் இறங்க வந்த ஒரு விமானம் குறுக்குக் காற்றில் தள்ளாடிற்று. தரைக்கு மிக அருகே வந்துவிட்ட நிலையிலும், விமானி இறங்கும் எண்ணத்தை விட்டு மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பார்த்தவர்களுக்கு உடம்பு நடுங்கிற்று. ஆனால் உள்ளேயிருந்த ஓர் உயிருக்கும் ஆபத்தில்லை. அன்று நிலையத்தையும் மூடிவிட்டார்கள். பிரயாணிகள் பலர் கோபித்துக்கொண்டிருப்பார்கள். கோபித்துக்கொள்வதற்கு அவர்கள் உயிரோடு இருந்தார்கள்!

இனி ஓசூருக்கு வருவோம். விமானத்துக்கு அந்த ஊர் புதிதன்று. அருகே பெலகொண்டபள்ளியில் தனியார் விமானத் தளம் ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆராய்ச்சிக்கூடம் வடிவமைத்த 'ஹன்ஸா' என்ற சிறு பயிற்சி விமானம் அங்கேதான் கட்டப்பட்டது. இருந்தாலும், சிறு விமானம் பகலில் வந்துபோவது வேறு. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான பெரிய விமானங்கள் இறங்குவது வேறு.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு மோட்டாரில் போனவர்களுக்குச் சாலை மெல்ல மெல்ல ஏறுவது தெரியும். மேலே போனதும் காற்றே மாறிவிடும். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் ஓசூர் இருக்கிறது. சமவெளியில் வேர்த்துக்கொண்டு வந்தவருக்கு அது சுகம். ரோஜாத் தோட்டக்காரருக்கு லாபம். விமானத்துக்கோ சிறிது சிரமம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட நூற்றுக்கு 8 அல்லது 9 பங்கு குறைவு. வெயில் காய்ந்தால் இன்னும் குறையும். இறக்கைக்குப் பிடிப்பும் எஞ்சினுக்கு வலுவும் அந்த அளவு குறைவதால், மேலெழும்ப நீண்ட ஓட்டம் தேவை. ஆகவே பாதையின் நீளத்தையே அங்கிருக்கும் வெப்பநிலையும் அழுத்தமுமே தீர்மானிக்க வேண்டும்.

பிறகு மூடுபனி. வடகிழக்குப் பருவமழை மண்ணை நனைத்துவிட்டுப் போன பிறகு, காற்று அசையாத தெளிந்த இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து போகிறது. தரையை ஒட்டிய ஈரக் காற்று அப்படியே பனிப்புகையாகி நிற்கிறது. 2008-ஆம் வருஷம் மே 24-ந் தேதி திறந்த பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு இது வருஷாவருஷம் வரும் விருந்தாளி. விடியற்காலையில் விமானங்கள் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் திரும்பிப் போக நேர்ந்ததும் உண்டு. 2019 டிசம்பரில் அங்கே திறந்த தெற்கு ஓடுபாதைக்குப் பின்னால் உயர்ந்த கருவிகளைப் பொருத்தி, பாதையில் 50 மீட்டர் தூரமே கண்ணுக்குத் தெரிந்தாலும் தக்க விமானமும் பயிற்சி பெற்ற விமானியும் இறங்கலாம் என்று செய்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் 550 மீட்டர் தெரிய வேண்டியிருந்தது.

ஓசூரும் அதே பீடபூமியில் இருப்பதால் அதே பனிதானே என்று எண்ணிவிடக் கூடாது. மூடுபனி பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களுக்குள்ளேயே பாரபட்சம் காட்டும். ஏரிக்கரைப் பள்ளத்தில் கவிந்திருப்பது எதிர்மேட்டில் இல்லாமற் போகும். தென்பெண்ணையும் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கமும் எண்ணற்ற ஏரிகளும் உள்ள பகுதி அது. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பனி நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அங்கேயே கருவியை நட்டு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உலக விமானப் போக்குவரத்துச் சபையின் விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பெரிய ஓடுபாதையின் திசையைத் தேர்ந்தெடுக்கும்போது, குறுக்குக் காற்றின் தொல்லையில்லாமல் நூற்றுக்கு 95 பங்கு நேரமாவது நிலையத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும். அதைத் தீர்மானிக்கும் காற்றுக் கணக்கு, கூடுமானால் ஐந்து வருஷத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும். நாளைக்கு எட்டு முறையாவது, சம இடைவெளியில், அளந்து எழுதிய கணக்காகவும் இருக்க வேண்டும்.

ஐந்து வருஷமா என்று மலைக்க வேண்டாம். அந்த அவகாசம் நமக்குத் தானாகவே கிடைத்திருக்கிறது. பெங்களூர் நிலையத்துக்கு மத்திய சர்க்கார் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தின்படி, மைசூர், ஹாஸன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு சர்வதேச விமான நிலையத்தை 25 வருஷத்துக்கு, அதாவது 2033 மே மாதம் வரை, ஏற்படுத்த இடமில்லை. ஓசூர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. தடையைத் தளர்த்துவதற்கு சர்க்கார்கள் பேசட்டும். அது அவர்கள் காரியம். பேச்சு முடியும் வரை காற்று காத்திருக்கப் போவதில்லை. தினம் வீசிக்கொண்டுதான் இருக்கும். எழுதி வைக்காத நாள் போனது போனதுதான். எந்தப் பணத்தைக் கொட்டினாலும் சென்ற மார்கழியின் மூடுபனியை மறுபடி அளக்க முடியாது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் பாட்டிமார் சொன்னதை இங்கே எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றலாம்.

ஆகவே, நிலையத்துக்காகக் குறிக்கும் இடத்தில் முதலில் எழ வேண்டியது மதில் சுவரன்று. பத்து மீட்டர் உயரக் கம்பத்தின் மேல் ஒரு காற்றுமானி. அதன் பக்கத்தில் மழைமானி, பாரமானி, மூடுபனியில் கண்ணுக்கெட்டும் தூரத்தை அளக்கும் கருவி. இந்தக் கடைசிக் கருவிக்கு வெளிநாட்டைப் பார்த்துக் கை நீட்ட வேண்டியதில்லை. 'ஹன்ஸா'வை வடிவமைத்த அதே பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் 'திருஷ்டி' என்ற பெயரில் அதைச் சொந்தமாகவே செய்து, டில்லி முதலிய நம் விமான நிலையங்களில் அது வேலை செய்து வருகிறது. ஓசூர் வட்டாரத்து ஜனங்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது இதுவே: காற்றைக் குறிக்கத் தொடங்கிவிட்டீர்களா? தொடங்கியிருந்தால் அந்தக் கணக்கை ஊருக்குக் காட்டுவீர்களா?

இதைப் படிப்பாளிகளின் வீண் வாதம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இரண்டாயிரம் ஏக்கர் என்றால் அதில் எத்தனையோ பேருடைய பாட்டன் பூட்டன் சொத்து அடங்கியிருக்கிறது. நாட்டுக்காக என்று சொல்லி அதை வாங்கும்போது, ஒரு தடவை போட்ட பாதை சரியான பாதையாக இருந்தாக வேண்டும். திசை தவறிப் போட்டுவிட்டால் அந்தப் பாதையைச் சுருட்டி வேறு பக்கம் விரிக்க முடியாது. நிலத்தைக் கொடுத்தவர் கண்ணெதிரே விமானங்கள் இறங்க மாட்டாமல் திரும்பிப் போவதைவிட அவருக்குப் பெரிய அவமரியாதை வேறில்லை.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். மனிதர்கள் சோதனைச்சாவடியில் நிற்கிறார்கள், மேகம் நிற்பதில்லை. தேவனஹள்ளியில் இடி இடித்தால் அது ஓசூர் விமானிக்கும் செய்திதான். ஓசூரில் பனி கவிந்தால் பெங்களூருக்கும் அது உதவும். இரு ராஜ்யத்தாரும் வியாபாரத்தில் போட்டி போடட்டும். வானிலைக் கணக்கில் போட்டி கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கு உண்மையைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது, நம் கூரைக்கும் நெருப்பு வைத்துக்கொள்வதாகும்.

இனி நேயர்களுக்கு. நாளைக்கு நீங்கள் விமான நிலையத்தில் குழந்தை குட்டிகளோடு காத்திருக்கும்போது, 'வானிலை காரணமாகத் தாமதம்' என்று அறிவிப்பார்கள். கல்யாண முகூர்த்தம் தவறிப்போகும் என்ற கவலையில் எதிரே நிற்கும் சிப்பந்தியின் மேல் சீறி விழத் தோன்றும். அப்போது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். எங்கோ ஒரு மூலையில், விடியற்காலைக் குளிரில், ஒருவர் கருவியைப் பார்த்து, 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். தெரிகிறது என்று எழுதிவிட்டால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். விமானமும் குறித்த நேரத்துக்குக் கிளம்பும். அப்படி எழுதாமலிருந்தாரே, அந்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது.

ஓசூரில் திறப்பு விழா நடக்கும் நாளில் மாலைகளும் மேடைகளும் குறைவில்லாமல் இருக்கும். அதற்கு வெகு முன்னாலேயே, ஆளரவமில்லாத ஒரு மேட்டில் காற்றுமானி சுழன்றுகொண்டிருக்க, பக்கத்திலிருக்கும் நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எண்கள் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் எழுதப்படும் நாளே ஓசூர் விமான நிலையத்தின் உண்மையான கால்கோள் நாள்.